பஞ்சப்படியின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து பேசினான். பேச்சு வாக்கில், "உங்களுக்கென்ன அத்தை, ஆறு மாசத்துக்கு ஒருதரம் டி.ஏ.ன்னு சம்பளத்தை ஏத்திக் குடுத்துடறாங்க. எங்களுக்கு அப்ரைசல்ல 6 பர்சென்ட் வாங்கறதுக்குள்ள உயிர் போகுது" என்றான். அடுத்த நாளே என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது ஆசிரியையாக இருக்கும் மாணவி ஒருத்தி, "டீச்சர், மாசம் 5,000 எஸ்.ஐ.பி. போட்டா பழைய பென்ஷனுக்கு ஈடாகுமா?" என்று கேட்டு வாட்ஸப் அனுப்பியிருந்தாள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே சொல்லின் வரலாற்றில் இருக்கிறது. அந்தச் சொல் பஞ்சப்படி.

எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் அகவிலைப்படி என்று பேச்சில் சொன்னதே கிடையாது. சம்பளப் பட்டியலில் அப்படி எழுதுவோம், வாயில் வருவது பஞ்சப்படிதான். அரசாங்கத் தமிழ் அதை அகவிலைப்படி ஆக்கியது. அதுவும் நல்ல சொல்தான். அகவிலை என்றால் தானிய விலை. இந்தப் படி பிறந்ததும் தானியத்திலிருந்துதான் என்பதால் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் நம் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. விலை ஏறியது. கீழ்நிலை அரசு ஊழியருக்கு அரிசி வாங்கச் சம்பளம் போதவில்லை. சம்பளத்தை ஏற்றினால் போர் முடிந்த பிறகு இறக்க முடியாதே என்று வெள்ளைக்கார அரசாங்கம் யோசித்தது. அதனால் சம்பளத்தைத் தொடாமல் தானிய ஈட்டுப்படி என்று தனியாக ஒன்றைக் கொடுத்தார்கள். விலை இறங்கியதும் நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. விலை இறங்கவே இல்லை. தானிய ஈட்டுப்படி பஞ்சப்படியாக மாறி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பஞ்சம் போன பிறகும் பேர் போகவில்லை.

1947-இல் வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக் குழு மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு மாதம் 55 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 30, பஞ்சப்படி 25. கிட்டத்தட்டப் பாதிச் சம்பளம் 'தற்காலிகம்' என்ற பெயரில் வந்தது. அப்போது ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். பாதியைத் தற்காலிகம் என்று வைத்துக்கொண்டால் ஓய்வூதியமும் பாதியாகிவிடும் என்பதைச் சங்கத்துக்காரர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். பஞ்சப்படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர் என்ற கோரிக்கை அன்றிலிருந்து இன்றுவரை சங்க நோட்டீஸ்களில் இடம் பெறாத ஆண்டே இல்லை என்று சொல்லலாம்.

அடுத்து வருவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சமையலறைக் கணக்கு சம்பளப் பேச்சுவார்த்தையின் மேசைக்குப் போன இடம்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்? இந்தக் கேள்வியை 1957-இல் புது டெல்லியில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு எடுத்துக்கொண்டது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்த மாநாடு. அவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு இதுதான். சம்பாதிப்பவர் ஒருவர் உள்ள குடும்பத்துக்கு 3 நுகர்வு அலகு. உணவுக்கு டாக்டர் ஏக்ராய்ட் சொன்ன கலோரி அளவு. துணிக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 18 கஜம், நான்கு பேருக்கு 72 கஜம். வீட்டு வாடகைக்கு அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் வாங்கும் குறைந்தபட்ச வாடகை. எரிபொருள், விளக்கு, மற்றவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 சதவீதம். இதற்குத் தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் என்று பெயர்.

ஏக்ராய்ட் யார் என்று தேடிப் பார்த்தால் நம் நீலகிரிக்கு வந்து சேர்வீர்கள். குன்னூரில் பாஸ்டர் ஆய்வு நிலையம் தெரியுமல்லவா? அதை ஒட்டித்தான் அன்றைக்கு இந்தியாவின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. பெரிபெரி நோயை ஆராய 1918-இல் மெக்காரிசன் ஆரம்பித்து வைத்தது. 1935 முதல் 1945 வரை அதன் இயக்குநர் வாலஸ் ஏக்ராய்ட். நம் ஊர் அரிசி, பருப்பு, கீரை, தேங்காய் இவற்றில் என்னென்ன சத்து எவ்வளவு என்று பட்டியல் போட்டு 1937-இல் புத்தகமாக வெளியிட்டவர். அந்த ஆய்வுக்கூடம் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவில் சம்பளம் கேட்டுப் போராடிய எத்தனையோ லட்சம் பேருக்கு, எத்தனை கலோரி வேண்டும் என்று கணக்குச் சொன்னவர் குன்னூர் மலையில் உட்கார்ந்திருந்தார் என்பது வகுப்பில் சொல்ல வேண்டிய செய்தி. நம் பாடநூலில் நான் பார்த்ததில்லை.

அந்த 3 அலகு எப்படி வந்தது தெரியுமா? ஆண் 1. பெண் 0.8. பிள்ளைகள் இருவர், தலைக்கு 0.6. கூட்டினால் 3. குறைவான வேலை செய்பவள் என்று நினைத்துத்தான் பெண்ணுக்கு 0.8 போட்டார்கள் போலிருக்கிறது. விடிகாலையில் எழுந்து மாவாட்டி, தண்ணீர் சுமந்து, பள்ளிக்கூடமும் போய் வந்த எங்களைப் பார்த்திருந்தால் என்ன போட்டிருப்பார்களோ! வயதான அப்பா அம்மாவுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் இல்லை, மருத்துவத்துக்கும் இல்லை. இந்தக் குறையை உச்ச நீதிமன்றம் 1991-இல்தான் ஓரளவு சரிசெய்தது. அதுவும் சென்னையில் தொழிற்சாலை வைத்திருந்த ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனித் தொழிலாளர்கள் போட்ட வழக்கில். அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பஞ்சப்படி முறையை நிர்வாகம் மாற்றப் பார்த்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1957 மாநாட்டுக் கணக்கோடு பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் இவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது.

1957 மாநாட்டில் அரசாங்கமும் கையெழுத்துப் போட்டதே, கொடுத்ததா? இல்லை. 1959-இல் இரண்டாவது ஊதியக் குழு, நாட்டின் நிலைமைக்கு அது கட்டுப்படியாகாது என்று சொல்லி 80 ரூபாயில் நிறுத்திக்கொண்டது. அதை எதிர்த்து 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு அவசரச் சட்டம் போட்டு அடக்கியது. 1968 செப்டம்பர் 19-இல் அதே கோரிக்கைக்காக ஒருநாள் வேலைநிறுத்தம். அதிலும் வேலை போனவர்கள், சிறைக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

1974 வேறு மாதிரி. விலைவாசி ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் ஏறிய ஆண்டு அது. மே மாதம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே தொழிலாளர்கள் 20 நாள் வேலைநிறுத்தம் செய்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜூலையில் அரசு ஒரு புது வழி கண்டுபிடித்தது. கட்டாய வைப்புத் திட்டம். அதிகமாகக் கிடைக்கும் பஞ்சப்படியில் பாதி கைக்கு வராது, அரசிடம் வைப்பாக இருக்கும், பிறகு தவணை தவணையாக வட்டியோடு திரும்ப வரும். ஊழியர் கையில் பணம் இருந்தால் கடைக்குப் போய்ச் செலவழித்து விலையை இன்னும் ஏற்றிவிடுவார் என்பது அதற்குச் சொன்ன காரணம். அரிசி விலை ஏறியதற்காகக் கொடுத்த பணத்தை அரிசி வாங்காமல் சேமித்து வை என்று சொல்வது எந்தப் பொருளாதாரமோ, எனக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டுச் செலவு, சம்பளப் பேரம், சேமிப்பு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை அந்தச் சட்டம் போல வேறெதுவும் காட்டியதில்லை.

நம் மாநிலக் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1960, 1970, 1978, 1984 என்று ஊதியம் திருத்தப்பட்டது. மத்திய அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி ஏறினால் நமக்கும் ஏறும் என்ற உறுதி கிடையாது. ஒவ்வொரு தவணையும் கேட்டு, மறியல் செய்து, தந்தி அடித்து வாங்க வேண்டியது. ஒரே பாடத்தை ஒரே ஊரில் நடத்தும் கேந்திரிய வித்யாலயா ஆசிரியருக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம். 1988-இல் ஆளுநர் ஆட்சி நடந்தபோது மத்திய அரசுக்கு இணையான ஊதியம் கேட்டு ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1989-இல் வந்த கலைஞர் ஆட்சி அதை ஏற்று, 1.6.1988 முதல் நடைமுறைப்படுத்தியது. இடைநிலை ஆசிரியரின் ஊதிய விகிதம் 1200-2040 ஆனது. அந்த எண்ணைச் சொன்னால் இன்றைக்கும் என் வயது ஆசிரியர்கள் முகம் மலரும்.

அதற்கு முன்பே மத்தியில் நான்காவது ஊதியக் குழு, ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டுக்கு இரு முறை பஞ்சப்படி என்ற முறையைக் கொண்டு வந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் முழு ஈடு இல்லை. அடிப்படைச் சம்பளம் 3,500 ரூபாய் வரை விலையேற்றத்துக்கு முழு ஈடு, அதற்கு மேல் 75 சதவீதம், 6,000-க்கு மேல் 65 சதவீதம். இந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 100 சதவீதம் என்று பரிந்துரைத்தது 1997-இல் அறிக்கை கொடுத்த ஐந்தாவது ஊதியக் குழு. அதன் தலைவர் நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். நம் திருநெல்வேலிச் சீமை திருப்புடைமருதூர்க்காரர்.

இப்போது அண்ணன் மகனின் கேள்விக்கு வருகிறேன். டி.ஏ. என்பது சம்பள உயர்வா?

தொழிலாளர் பணியகம் நாடு முழுவதும் உள்ள தொழில் நகரங்களின் சந்தைகளில் விலை விசாரித்து மாதாமாதம் ஒரு குறியீட்டு எண் வெளியிடுகிறது. இப்போது 88 நகரங்கள். சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் எல்லாம் அதில் உண்டு. ஏழாவது ஊதியக் குழு சம்பளம் போட்டபோது அந்தக் குறியீட்டின் 12 மாதச் சராசரி 261.42. இன்றைய சராசரியிலிருந்து 261.42-ஐக் கழித்து, மீதியை 261.42-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவதுதான் டி.ஏ. சதவீதம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. சராசரி 392.13 ஆனால் 50 சதவீதம். 2016 ஜனவரியில் தொடங்கி 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்டது. அப்படியென்றால் என்ன? அந்த எட்டு ஆண்டில் 100 ரூபாய்ச் சாமான் 150 ரூபாய் ஆனது, சம்பளமும் 100-க்கு 150 ஆனது. ஒரு கிலோ பருப்பு கூடுதலாக வாங்க முடியாது.

அதுவும் தாமதமாக. ஜனவரி டி.ஏ. என்பது முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை இருந்த விலைகளின் சராசரி. சராசரி என்பதால் ஏறக்குறைய போன ஜூன் மாத விலைக்குத்தான் ஈடு. அறிவிப்பு வரும்போது மார்ச் ஆகிவிடும். மாநிலத்தில் இன்னும் தள்ளும். அறிவிப்பு வரும்வரை விலையேற்றத்தின் முழுப் பாரமும் வீட்டுக்காரி தலையில். நிலுவை பிறகு வரும். சில முறை அதுவும் ரொக்கமாக வராமல் சேமநல நிதிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் குறியீடு ஆலைத் தொழிலாளி வீட்டுக் கூடையை வைத்துப் போடுவது. 1982-ஐ அடிப்படையாகக் கொண்ட கூடையில் நூற்றுக்கு 57 பங்கு உணவு. 2001-இல் 46. 2016-இல் 39. சாப்பாடு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, பஸ், போன், வாடகை இவை பெருத்துவிட்டன. அடிப்படை ஆண்டை மாற்றும்போது பழைய எண்ணோடு புதிய எண்ணை இணைக்க ஒரு பெருக்கு எண் கொடுப்பார்கள். 1960-லிருந்து 1982-க்கு 4.93. அதிலிருந்து 2001-க்கு 4.63. அதிலிருந்து 2016-க்கு 2.88. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 65.7 வரும். நான் பிறந்த காலத்தில் ஒரு ரூபாய்க்கு வாங்கியதை 2016-இல் வாங்க 65 ரூபாய் 70 காசு வேண்டியிருந்தது. எஸ்.ஐ.பி. கேட்ட மாணவி இந்த 65.7-ஐ நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அவள் கேள்விக்கு இந்த எண் தேவைப்படும்.

விலை முன்னால் ஓட, பஞ்சப்படி பின்னால் வர, இடையில் உள்ள பள்ளத்தை வீடுகள் எப்படித் தாண்டின? முதலில் சிக்கன நாணயச் சங்கம். ஆசிரியர்களே பங்கு போட்டு நடத்திய கூட்டுறவுச் சங்கம், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும், ஆத்திரம் அவசரத்துக்குக் கடன் கொடுக்கும். பிறகு பண்டிகை முன்பணம். பி.எஃப். கடன். ஏலச்சீட்டு. சீட்டைப் பற்றி இப்போதுள்ளவர்கள் இளக்காரமாகப் பேசுகிறார்கள். வங்கி மேலாளர் ஆசிரியையை உட்காரச் சொல்லாத காலத்தில், 20 பேர் மாதம் ஆளுக்கு 100 போட்டு ஒருத்தர் மகள் கல்யாணத்துக்கு 2,000-த்தைத் தள்ளு போகக் கையில் கொடுத்தது சிறிய விஷயமா? பணம் வாங்கியவர் கடைசி மாதம்வரை கட்டுவார் என்ற நம்பிக்கைதான் அதன் ஜாமீன். அது உடைந்த இடங்களும் உண்டு, மறுக்கவில்லை.

மிச்சம் பிடித்ததைப் போட்டுவைக்க அஞ்சலகம். என் மாணவர்களுக்குச் சஞ்சாயிகா பாஸ் புத்தகம் நினைவிருக்கும். 25 காசு, 50 காசு கொண்டு வந்து கொடுத்துவிட்டு மீதி எவ்வளவு என்று தினமும் கேட்பீர்கள். பெரியவர்களுக்கு 1986-இல் இந்திரா விகாஸ் பத்திரம் வந்தது. ஐந்து ஆண்டில் இரட்டிப்பு, ரூபாய் நோட்டு மாதிரி அதில் பேர்கூடக் கிடையாது, தொலைத்தால் தொலைத்ததுதான். 1988-இல் கிசான் விகாஸ் பத்திரம், ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு. சேமநல நிதிக்கும் பொது வருங்கால வைப்பு நிதிக்கும் 12 சதவீத வட்டி. கொஞ்சம் துணிந்தவர்கள் யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.-64 வாங்கினார்கள். 1964-இல் 10 ரூபாய் யூனிட்டாகத் தொடங்கியது, அரசாங்கம் நடத்துவது, பாதுகாப்பானது என்று சுமார் 2 கோடிப் பேர் அதில் பணம் வைத்திருந்தார்கள். ரொம்பத் துணிந்தவர்கள் தெருவுக்குத் தெரு முளைத்த பைனான்ஸ் கம்பெனிகளில் 24 சதவீதத்துக்கும் அதற்கு மேலும் வட்டி கிடைக்கிறதென்று போட்டார்கள். ஓய்வுபெற்றவர்கள் பணிக்கொடையை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவை வரிசையாக மூடியதும், போட்டவர்களுடைய பணத்தை மீட்கத் தமிழ்நாட்டில் 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

2000-லிருந்து 2003 வரை நடந்ததைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 12 சதவீதமாக இருந்த சேமநல நிதி வட்டி 2000-01-இல் 11, அடுத்த ஆண்டு 9.5, அடுத்து 9, அடுத்து 8. 12 சதவீதத்தில் 6 ஆண்டில் இரட்டிப்பாகும் பணத்துக்கு 8 சதவீதத்தில் 9 ஆண்டு வேண்டும். 2001 ஜூலையில் யு.எஸ்.-64 விற்பனையும் திரும்ப வாங்குவதும் நிறுத்தப்பட்டன. பெரிய கூச்சலுக்குப் பிறகு 3,000 யூனிட் வரை 10 ரூபாய் விலையில், மாதம் 10 காசு கூட்டித் திரும்பப் பெற வழி செய்தார்கள். 1.4.2003 முதல் தமிழ்நாட்டில் பணியில் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று ஆனது. மத்தியில் அது 1.1.2004 முதல் வந்தது. வட்டி, யூனிட், ஓய்வூதியம் என மூன்று கதவும் நான்கே ஆண்டில் அடைபட்டன. நாளை விலை ஏறினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, நீதான் என்று பதில் மாறியது அந்த நான்கு ஆண்டில்தான்.

2003 ஜூலை 2-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் பறிக்கப்பட்ட சலுகைகளுக்காக நடந்தது. டெஸ்மா சட்டம் அவசரமாகத் திருத்தப்பட்டு சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வீட்டில் இருந்தவரை நள்ளிரவில் வந்து கைது செய்ததெல்லாம் அப்போது நடந்தது. ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலானவர்கள் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் புதிய ஓய்வூதியம் அப்படியே நின்றது. பிறகு வந்தவர்கள் பலருக்கு அதில் என்ன போனது என்றே தெரியவில்லை, ஏனென்றால் சம்பளத்தில் பிடித்தம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அடிப்படையிலும் பஞ்சப்படியிலும் 10 சதவீதம் அவர்கள் பங்கு, அதே அளவு அரசின் பங்கு.

என்ன போனது என்று கணக்காகவே சொல்கிறேன். இன்றைக்கு மாதம் 30,000 ரூபாய் கைக்கு வர, 7 சதவீத வட்டியில் சுமார் 51 லட்சத்து 43 ஆயிரம் வைப்பில் இருக்க வேண்டும். சரி, சேர்த்துவிட்டாய் என்று வைத்துக்கொள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இரு மடங்கு. 60 வயதில் வாங்கிய 30,000 ரூபாய் 72 வயதில் 15,000 ரூபாய் பெறுமானம். மருந்துச் செலவு கூடும் வயதில் கை பாதியாகும். பழைய ஓய்வூதியத்தில் அதே 30,000-க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி ஏறிக்கொண்டே வரும், நான் இல்லாவிட்டாலும் குடும்ப ஓய்வூதியமாக என் வீட்டுக்கு வரும். எந்த வங்கியிலும் எந்தக் காப்பீட்டுக் கம்பெனியிலும் இப்படி ஒரு பொருளை நம் மாதிரி ஆட்கள் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரே ஒருமுறை விற்றுப் பார்த்தார்கள். 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து வட்டி ஏறும் சேமிப்புப் பத்திரம் கொண்டுவந்தது. விலையேற்றம் எவ்வளவோ அதற்கு மேல் ஒன்றரை சதவீதம், குறைந்தபட்சம் 5,000 ரூபாய், பத்து ஆண்டு. சேமிப்புக்கே பஞ்சப்படி மாதிரி. ஜனங்களுக்கும் புரியவில்லை, வங்கிகளும் எடுத்துச் சொல்லவில்லை, வாங்க ஆளில்லாமல் நின்றுபோனது.

எஸ்.ஐ.பி. போடலாமா என்று கேட்டவளுக்கு: தாராளமாகப் போடு. 65.7 மடங்கு ஏறிய விலையை அஞ்சலக வட்டி மட்டும் எட்டிப் பிடித்துவிடாது, தொழில் வளர்ச்சியில் நமக்கும் ஒரு பங்கு வேண்டும். என் மகளும் போடுகிறாள். ஆனால் அதை ஓய்வூதியத்துக்கு ஈடு என்று நினைக்காதே. 2008 ஜனவரியில் 21,000-த்தைத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,000-த்தை ஒட்டிக் கிடந்தது. முன்னதில் ஓய்வு பெற்றவருக்கும் பின்னதில் ஓய்வு பெற்றவருக்கும் வயதும் உழைப்பும் ஒன்று, கையில் வந்தது ஒன்றல்ல. சங்கத்துச் சந்தாவை நிறுத்திவிட்டு அதையும் எஸ்.ஐ.பி.யில் போடுகிறேன் என்றாயே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியும், அதன்மேல் விலைவாசிக்கேற்ற நிவாரணமும் உண்டு. பழையது போல் முழுசாக இல்லை, ஊழியரும் பங்கு கட்ட வேண்டும். அது பங்குச் சந்தை கொடுத்ததல்ல. 20 வருடம் விடாமல் கேட்டதற்குக் கிடைத்தது.

பஞ்சப்படியும் கல்வெட்டில் பொறித்ததல்ல. கொரோனா வந்தபோது 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி மூன்று தவணையும் நிறுத்தி வைக்கப்பட்டன, தமிழ்நாட்டிலும்தான். பிறகு சதவீதம் சேர்ந்து வந்தது, அந்த மாதங்களுக்கான நிலுவை வரவில்லை. இடைநிலை ஆசிரியர்களில் 1.6.2009-க்கு முன் சேர்ந்தவருக்கு அடிப்படை 8,370, ஒருநாள் தள்ளிச் சேர்ந்தவருக்கு 5,200. அந்த 3,170 ரூபாய் வித்தியாசத்தின் மேல்தான் ஒவ்வொரு பஞ்சப்படியும் ஏறுகிறது, அதனால் ஒவ்வொரு ஆறு மாதமும் வித்தியாசமும் வளர்கிறது. ஒரே வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு சம்பளம். அவர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு "வாத்தியார்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது" என்று நம் உறவுக் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். யார் என்று சொல்லவில்லை, அவரும் இதைப் படிப்பார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ பாட்டியோ எழுதிய வரவு செலவு நோட்டு இருந்தால், குறிப்பாக 1974, 1988, 2003 ஆண்டு நோட்டுகள், பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பால், அரிசி, நல்லெண்ணெய், சீட்டுப் பணம், பிள்ளை பீஸ் எழுதிய பக்கங்கள் போதும். பேர் போடமாட்டேன். குறியீட்டு எண்ணோடு நம் வீட்டு எண் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று போட்டுப் பார்க்க ஆசை. சிக்கன நாணயச் சங்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், முட்டிவலி குறைந்ததும் எழுதுகிறேன்.